18 ரூபாய் நூற்பாலைப் பங்கு: சீட்டுப் பணம் முழுவதையும் போடலாமா?

பனியன்_கணக்கர்:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் சீட்டு எடுத்ததில் கையில் 3 லட்சம் இருக்கிறது. என் மச்சான் ஒரு நூற்பாலைப் பங்கைச் சொல்கிறார். இந்த மன்றத்தின் விதிப்படி பெயரைச் சொல்லவில்லை, விவரம் மட்டும்.

விலை 18 ரூபாய். மொத்தம் நாலரைக் கோடிப் பங்குகள். 2022 தொடக்கத்தில் 47 வரை போனது. புக் வேல்யூ (கடன் போக ஒரு பங்குக்கு வரும் சொத்து மதிப்பு) 41. மச்சான் கணக்குப்படி பி.இ. (விலையைப் பங்குக்கான வருஷ லாபத்தால் வகுத்த எண்) வெறும் 3. நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் மில் நிலமே 200 கோடி போகுமாம். 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை பருத்திக்கு 11 சதவீத இறக்குமதி வரி கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள் இல்லையா, அதனால் மில்களுக்கு லாபம் கொட்டும் என்கிறார். "18 ரூபாய்தானே, இதற்கு மேல் எங்கே இறங்கப் போகிறது?" என்பது அவர் வாதம்.

முழுப் பணத்தையும் போடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மல்டிபேக்கர்_மணி:
யோசிக்காதீர்கள் நண்பா. 2020 மார்ச்சில் காற்றாலைக் கம்பெனி சுஸ்லான் 2 ரூபாய்க்குக் கீழே கிடந்தது, எல்லோரும் சிரித்தார்கள். 2024 செப்டம்பரில் 80ஐத் தாண்டியது. 2020இல் 3 லட்சம் போட்டவர் அப்போது கோடீஸ்வரர். சின்னப் பங்கில்தான் பெரிய பணம்.

பழைய_சப்புரோக்கர்:
மணி தம்பி, சுஸ்லான் கதையைப் பாதியில் ஆரம்பிக்கிறீர்கள். 2008 தொடக்கத்தில் அது 400க்கு மேல் விற்றது. என் வாடிக்கையாளர்கள் இருவர் அந்த விலையில் வாங்கி, 200இல் இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்து, 60இல் ஆவரேஜ் செய்து, 10 ரூபாயில் என் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். 80ஐப் பார்த்த பிறகும் அவர்கள் போட்டது முழுசாகத் திரும்பவில்லை. நடுவில் கடனைச் சீரமைத்தார்கள், புதுப் பங்குகளாக வெளியிட்டார்கள், 2022 அக்டோபரில் இருக்கும் பங்குதாரர்களுக்கு 5 ரூபாய்க்கு உரிமைப் பங்கு கொடுத்தார்கள்.

"இதற்கு மேல் எங்கே இறங்கும்" என்ற கேள்விக்கு வீட்டுக்கடன் கம்பெனி டி.எச்.எஃப்.எல். பதில் சொல்லும். 2021 ஜூனில் 16, 17 ரூபாய்க்கு வர்த்தகமாகிக்கொண்டிருந்தது. திவால் தீர்வுத் திட்டத்தில் பங்குதாரருக்கு மதிப்பு பூஜ்யம் என்று முடிவாகி, பங்கைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வாங்கியவர் கையில் கிட்டத்தட்ட உங்கள் 18 ரூபாய் மாதிரியான ஒரு விலைதான் இருந்தது.

கணக்குப்பிள்ளை_63:
கணக்கர் தம்பி, முதலில் விலை என்ற சொல்லைச் சரி செய்துகொள்வோம். எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று 2025 செப்டம்பரில் ஒன்றரை லட்சத்தை ஒட்டி விற்றது. வோடஃபோன் ஐடியா அப்போது ஏழெட்டு ரூபாய். எது பெரிய கம்பெனி? எம்.ஆர்.எஃப்.பில் மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள். வோடஃபோன் ஐடியாவில் 10,800 கோடிக்கு மேல். பெருக்கிப் பாருங்கள். ஏழு ரூபாய்க்காரன் மொத்த மதிப்பில் ஒன்றரை லட்சத்துக்காரனைவிட மேலே நிற்பான். ஆகவே 18 ரூபாய் என்பது மலிவா விலை அதிகமா என்று அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் மில்லின் மொத்த மதிப்பு நாலரைக் கோடி பெருக்கல் 18, அதாவது 81 கோடி. 81 கோடிக்கு அந்த மில்லையே வாங்குவதாக இருந்தால் என்னென்ன கேட்பீர்களோ அதைக் கேளுங்கள். கடன் எவ்வளவு? வட்டி எவ்வளவு? புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளி தரப்பு, வைத்திருக்கும் பங்குகளில் எத்தனை அடமானத்தில்? ஆண்டறிக்கையை இறக்கி, முன்னால் உள்ள வழவழப் படங்களை விட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். தொடர்புடைய நபர்களுடனான பரிவர்த்தனை என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை மட்டும் மூன்று வருட அறிக்கைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள். நீங்கள் கணக்கர், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிங்பிரேம்:
திண்டுக்கல் பக்கம் மில்லில் 19 வருஷமாக சூப்பர்வைசர். அந்த பி.இ. 3 எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும். பங்குக்கு 6 ரூபாய் லாபம் காட்டியது 2021-22 கணக்கில்தானே?

அந்த வருஷம் எல்லா மில்லும் சம்பாதித்தது. மலிவில் வாங்கிய பஞ்சு குடோனில் இருந்தது, நூல் விலை மாதாமாதம் ஏறியது. முதலாளி மேதைமாதிரித் தெரிந்தார். 2022 மேயில் பஞ்சு கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது (கேண்டி என்றால் 356 கிலோ, வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்). அப்புறம் தலைகீழ். குடோனில் ஒரு லட்ச ரூபாய்ப் பஞ்சு, நூல் விலை சரிகிறது, வாங்க ஆள் இல்லை. எங்கள் மில்லில் வாரம் நாலு நாள்தான் ஓட்டினோம்.

மில் பங்கில் பி.இ. 3 என்று தெரிந்தால் அது பெரும்பாலும் உச்ச லாபத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. நஷ்டத்தில் ஓடி பி.இ.யே போட முடியாத நேரத்தில்தான் விவரம் தெரிந்தவன் மில் பங்கைத் திரும்பிப் பார்ப்பான்.

வரி நீக்கம் பற்றி: பஞ்சு எல்லா மில்லுக்கும் ஒரே நேரத்தில்தான் மலிவாகும். மறுநாளே உங்கள் ஊர்க்காரர்கள் போன் போட்டு, நூல் கிலோவுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பார்கள். கேட்டார்களா இல்லையா?

பனியன்_கணக்கர்:
கேட்டோம். எங்கள் முதலாளியே என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டார். 😀

இன்னொன்றும் உறைக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு எங்கள் யூனிட்டில் இரண்டாம் ஷிப்ட் நின்றுவிட்டது. எங்களுக்கு ஆர்டர் இல்லை என்றால் மில்லில் நூல் எடுப்பது யார்? வேலை, பங்கு இரண்டுமே ஒரே தொழிலில் மாட்டிக்கொள்ளும் என்று இதுவரை யோசிக்கவே இல்லை.

பி.இ. பற்றி ரிங்பிரேம் அண்ணா சொன்னது சரி. 6 ரூபாய் என்பது 2021-22. கடைசி நான்கு காலாண்டையும் கூட்டினால் 40 காசு. 18ஐ 40 காசால் வகுத்தால் 45.

ஒன்பதேகால்:
கம்பெனி நல்லதா கெட்டதா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நான் விற்று வெளியே வரும் கதவைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கைமாறுகிறது? சர்க்யூட் (ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ உள்ள வரம்பு) எத்தனை சதவீதம்?

பனியன்_கணக்கர்:
சராசரி 9,000 பங்கு. 5 சதவீத சர்க்யூட். டிரேட் டு டிரேட் (வாங்கியதை அன்றே விற்க முடியாது) என்று போட்டிருக்கிறது.

ஒன்பதேகால்:
9,000 பெருக்கல் 18. ஒரு லட்சத்து அறுபதாயிரம். 3 லட்சத்துக்கு நீங்கள் வாங்க நினைப்பது சுமார் 16,600 பங்கு. சந்தையில் ஒரு ஆள்கூட குறுக்கே வராமல் இருந்தாலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் வியாபாரம் முழுவதையும் நீங்களே வாங்க வேண்டும். வாங்கும்போது நீங்களே விலையை ஏற்றுவீர்கள், விற்கும்போது நீங்களே இறக்குவீர்கள்.

என் கதை. 2018இல் ஒரு சின்னக் கம்பெனியை 62 ரூபாய்க்கு வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு, தணிக்கையாளர் ராஜினாமா என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு வரி அறிவிப்பு. மறுநாள் லோயர் சர்க்யூட். விற்பவர் வரிசையில் மூன்று லட்சம் பங்கு, வாங்குபவர் பக்கம் பூஜ்யம். அப்புறம் தினமும் ஒரே வேலை. ப்ரீ-ஓப்பன் (சந்தை தொடங்கும் முன் ஆர்டர் வாங்கும் நேரம்) 9 மணிக்குத் திறந்தவுடன் ஆர்டர் விழ வேண்டும், ஒரு நொடி பிந்தினால் வரிசையில் பத்தாயிரம் பேருக்குப் பின்னால். வாயில் பிரஷ்ஷோடு போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஆபீஸில் ஏதாவது பிரச்சினையா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். 14 நாள். பதினைந்தாம் நாள் 30 ரூபாய்க்கு விற்றேன். பாதிக்கு மேல் போயிற்று.

ஸ்டாப் லாஸ் (விலை இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டிருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். போட்டிருந்தேன். வாங்க ஆள் இல்லாத விலையில் ஸ்டாப் லாஸ் என்ன செய்யும்?

மல்டிபேக்கர்_மணி:
அதே 5 சதவீதம் மேலேயும் வேலை செய்யும் அண்ணா. அப்பர் சர்க்யூட்டில் 14 நாள் போனால்?

ஒன்பதேகால்:
போகும். அப்போது விற்பது சுலபம், ஆனால் மனசு வராது. லோயரில் மனசு வரும், ஆள் வராது.

கரூர்க்காரி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மணி சொல்வதை முழுசாக ஒதுக்கிவிட வேண்டாம். சின்னப் பங்கில் பணம் பண்ண முடியும், நான் பண்ணியிருக்கிறேன். கணக்கோடு சொல்கிறேன், பெருமைக்கு இல்லை.

2014இல் என் நகையில் ஒன்றை விற்று 1 லட்சத்து 40 ஆயிரம் போட்டேன். ஏழு சின்னக் கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் 20,000. அதில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். ஏ.ஜி.எம்.முக்கு, அதாவது பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு, நேரில் போனேன். ஆலை வளாகத்திலேயே ஷாமியானா. மொத்தம் இருபத்து மூன்று பேர், அதில் பாதிப் பேர் ஊழியர்கள், நான் ஒருத்திதான் பெண். ஒரு லட்டு, கொஞ்சம் மிக்சர், காபி. சேர்மன் வெள்ளை வேட்டியில் வந்து, கடனை இரண்டு வருஷத்தில் அடைப்பேன் என்றார். அடைத்தார். அந்த 20,000 இன்று 2 லட்சத்து 30 ஆயிரம்.

இதோடு நிறுத்தினால் நானும் யூடியூப் சேனல் தொடங்கலாம். மீதி ஆறு? ஒன்று 60,000. மூன்று 15,000, 22,000, 28,000. இரண்டு பூஜ்யம். அவற்றில் ஒன்றின் வர்த்தகத்தையே நிறுத்திவைத்திருக்கிறார்கள், பங்கு வைக்கும் டிமேட் கணக்கில் எண் மட்டும் நிற்கிறது. எல்லாம் கூட்டினால் 3 லட்சத்து 55 ஆயிரம். பதினோரு வருஷத்துக்கு வருஷம் சுமார் 9 சதவீதம். எஃப்.டி.யைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பதினோரு மடங்கு ஆன பங்கு கையில் இருந்தும்!

மல்டிபேக்கர்_மணி:
அக்கா, அந்த ஒன்றிலேயே முழு 1.4 லட்சத்தையும் போட்டிருந்தால் இன்று 16 லட்சம்!

கரூர்க்காரி:
அந்த ஒன்று எது என்று 2014இல் எனக்கு எப்படித் தெரியும்? நிச்சயம் ஜெயிக்கும் என்று அன்றைக்கு நான் நினைத்தது வேறொன்று. அதுதான் இன்று நிறுத்திவைத்துக் கிடக்கிறது.

பழைய_சப்புரோக்கர்:
கரூர் அம்மா சொன்னதில் இன்னொரு விஷயம். வர்த்தகம் நின்றுபோவது இன்றைய நோய் இல்லை. 1937இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் 2015இல் கதவை மூடியபோது, அங்கே மட்டுமே பட்டியலில் இருந்த கம்பெனிகளின் பங்குகளை வைத்திருந்தவர்கள் பலர் என்னிடம் வந்தார்கள். காகிதச் சான்றிதழ், பட்டுப்புடவை சுற்றிவைக்கும் துணியில் சுற்றியது. கம்பெனி இருக்கிறது, புகைபோக்கியில் புகைகூட வருகிறது. பங்கை விற்க இடம் இல்லை.

நிலம் 200 கோடி என்ற கதைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் கம்பெனி. மூன்றரை ரூபாயில் நின்றது. சொத்தோ பங்குக்கு லட்சக்கணக்கில். 2024 அக்டோபர் 29 அன்று விலை கண்டறியச் சிறப்பு ஏலம் வைத்ததும் ஒரே நாளில் 2 லட்சத்து 36 ஆயிரத்துக்குப் போனது. உடனே என் பேரன், "தாத்தா, ஏன் நீங்கள் வாங்கவில்லை?" என்றான். அந்த மூன்றரை ரூபாய்க்கு விற்க ஒரு ஆள்கூட இல்லையப்பா, அதனால்தான் மூன்றரை ரூபாய் என்றேன். சொத்து தாளில் இருப்பது வேறு, உங்கள் கைக்கு வருவது வேறு. மில் நிலம் உங்களுக்குப் பங்கு போட்டுத் தர அங்கே காத்திருக்கவில்லை. வங்கி அடமானத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பனியன்_கணக்கர்:
இரண்டு இரவு உட்கார்ந்து மூன்று ஆண்டறிக்கைகளைப் படித்தேன். கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு நன்றி, தூக்கம் போனதுக்கும் சேர்த்து.

கடன் 96 கோடி. அதாவது கம்பெனியின் சந்தை மதிப்பைவிடக் கடன் அதிகம். வருஷ வட்டி 9.8 கோடி. நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் வங்கி அடமானத்தில். புரமோட்டரிடம் 58 சதவீதம், அதில் பாதிக்கு மேல் அடமானம். அந்த 41 ரூபாய் புக் வேல்யூ நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றிய பிறகு வந்தது. ஏற்றுவதற்கு முந்தைய வருஷம் 23.

அப்புறம் தொடர்புடைய நபர்கள் குறிப்பு. புரமோட்டரின் மகன் பங்குதாரராக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இயந்திரம் வாங்க முன்பணம் 11 கோடி. முந்தைய வருஷமும் 11 கோடி. அதற்கு முந்தைய வருஷமும் அதே 11 கோடி. இயந்திரம் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு சப்ளையருக்கு மூன்று மாதம் அட்வான்ஸ் நின்றாலே முதலாளி என்னை உட்கார விடமாட்டார்.

கணக்குப்பிள்ளை_63:
81 கோடியில் 11 கோடி. கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. அடுத்த ஏ.ஜி.எம்.மில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேட்கும் உரிமை உண்டு. பதில் எப்படி வருகிறது என்பதைவிட, கேட்டதும் மேடையில் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ரிங்பிரேம்:
ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். அதைத் திருட்டுக் கம்பெனி என்று நான் சொல்ல வரவில்லை. மில் தொழில் இப்போது அடியில்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் நூல் விலை திரும்பினால், வட்டி கட்டியதுபோக மிஞ்ச ஆரம்பித்தால், 18 என்பது 50 ஆவதற்கு அதிக லாபம் தேவையில்லை. கடன் அதிகமுள்ள மில்லில்தான் ஏற்றமும் வேகமாக இருக்கும், கவிழ்வதும் அதே வேகம். 20,000 ரூபாய்க்கு வாங்கி மறந்துவிடு என்றால் நான் தடுக்கமாட்டேன். சீட்டுப் பணம் முழுவதும் என்பதுதான் இடிக்கிறது.

ஒன்பதேகால்:
முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. ஆயிரம் பங்கு வாங்குங்கள். கணக்கில் வந்ததும் விற்றுப் பாருங்கள். கதவு எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: உங்கள் மச்சானுக்கு இதைச் சொன்னது யார்? டெலிகிராம் குழுவா? 2023 மார்ச்சில் சாதனா பிராட்காஸ்ட் பங்கு விஷயத்தில் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி போட்ட உத்தரவைத் தேடிப் படியுங்கள். பெரிய குழுமம் ஒன்று அந்தக் கம்பெனியை வாங்கப் போகிறது என்று யூடியூபில் வீடியோ, அதை நம்பிச் சின்னவர்கள் வாங்க வாங்க, முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு.

பனியன்_கணக்கர்:
டெலிகிராம்தான். கேட்டதும் மச்சான் கோபித்துக்கொண்டார்.

(ஆறு நாள் கழித்து)

பனியன்_கணக்கர்:
சோதனை முடிந்தது. 1,000 பங்கு, 18.10க்கு ஒரே நிமிஷத்தில் கிடைத்தது. அப்போதே கொஞ்சம் சந்தேகம் வந்தது, இவ்வளவு சுலபமாக யார் விற்கிறார்கள் என்று.

கணக்கில் வந்ததும் 18 ரூபாய்க்கு விற்கப் போட்டேன். மதியம் வரை ஒரு பங்குகூடப் போகவில்லை. வாங்குபவர் பக்கம் 17.40க்கு 150, அதற்குக் கீழே 17.30க்கு 270, அப்புறம் பெரிய இடைவெளி. விலையைக் குறைத்துப் போட்டு, மூன்றரை மணிக்குள் 420 பங்கு சராசரி 17.34க்குப் போனது. மீதி 580 மறுநாள் 17.10க்கு. மொத்தம் சுமார் 900 ரூபாய் நஷ்டம், இரண்டு நாள் விற்றதால் டி.பி. கட்டணம் (டிமேட் கணக்கிலிருந்து பங்கு எடுக்கும் கட்டணம்) இரண்டு தடவை. ஆயிரம் பங்குக்கே இந்தக் கதி என்றால் 16,600 பங்கை எத்தனை நாள் விற்றுக்கொண்டிருப்பேன்?

சீட்டுப் பணத்தில் இரண்டரை லட்சம் எஃப்.டி.க்குப் போய்விட்டது. வீட்டிலும் சொல்லிவிட்டேன். மீதி 50,000 சும்மா இருக்கிறது. அந்த மில்லை வாட்ச் லிஸ்டில் வைத்திருக்கிறேன். 11 கோடி திரும்பி வந்தது என்று அறிக்கையில் பார்த்தால் 20,000 போடுவேன்.

மல்டிபேக்கர்_மணி:
நீங்கள் விற்றதற்கு அடுத்த இரண்டு நாளும் அப்பர் சர்க்யூட். 18.80ஐத் தாண்டிவிட்டது, பார்த்தீர்களா?

பனியன்_கணக்கர்:
பார்க்காமல் எப்படி? மச்சான் காலையிலும் மாலையிலும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். பாதியையாவது விற்றுவிடுங்கள் என்றேன், டார்கெட் 60 என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார். அந்த 11 கோடிக் குறிப்பை மூன்று வருஷத்துக்கும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் காட்டுவதா, பின்னால் காட்டுவதா என்றுதான் புரியவில்லை.

கரூர்க்காரி:
பின்னால். முன்னால் காட்டினால் ஆக்கி வைத்த கறிக்குழம்பு உங்கள் வீட்டிலேயே மிச்சமாகும்.